தாய் கேட்ட வினா

தீயது ஒன்றும் நல்லது ஒன்றும் எதிரே இருக்கும்போது தேர்ந்தெடுப்பது எளிது. அறிவு முதிராத சிறுவரும் அதனைச் செய்துவிடுவர். இரண்டுமே நல்லவையாக இருக்கும்போதுதான் மனிதன் தடுமாறுகிறான். ஒன்றன் சிறப்பை எண்ணிப் பார்க்கும்போது மற்றதனைக் கைவிட மனம் வருவதில்லை. அந்நிலையில் அவன் அறிந்தவர்களைக் கேட்கிறான், ஏடுகளைப் புரட்டுகிறான், விலையைக் கணக்கிடுகிறான். ஆயினும், முதன்மையாகக் கேட்கவேண்டிய வினாவை மட்டும் அவன் பெரும்பாலும் கேட்பதில்லை. அதனை வேறொருவர் வந்து கேட்கவேண்டியிருக்கிறது.

அமெரிக்க நாட்டின் மாண்டானா மாநிலத்தில், 1979ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், ஒரு சிறு குடும்பத்தில் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும்.

மாண்டானாவின் மேற்கெல்லையில் பிட்டர்ரூட் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேற்கே வானளாவிய பிட்டர்ரூட் மலைத்தொடர், கிழக்கே சற்றே தாழ்ந்த சஃபையர் மலைகள், நடுவே ஆறு. அக்டோபர் மாதம் வந்தால், பைன் மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே லார்ச் மரங்கள் மட்டும் பொன்னிறம் பூண்டு நிற்கும். அந்தப் பொன்னிறம் தோன்றினால் அங்குள்ள மக்களுக்கு வேட்டைப் பருவம் நெருங்கிவிட்டது என்று பொருள். அக்டோபர் இறுதியில் தொடங்கி ஐந்து வாரம் நடைபெறும் அப்பருவம் பொழுதுபோக்கிற்காக மட்டும் அமைந்ததன்று. ஏழை எளிய குடும்பங்களுக்கு அது குளிர்காலத்தின் உணவு. ஒரு மானின் இறைச்சி உறைபெட்டியில் இருந்தால், பனி கொட்டும் மாதங்களில் கடைக்காரரிடம் கடன் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்தின் தலைவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தவர். அவருக்கு ஒரே மகள், அகவை பதினைந்து. அவ்வாண்டு கோடையில் மாநிலம் நடத்தும் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருந்தாள். முதன்முறையாகத் தந்தையோடு மலைக்குச் செல்லப்போகிறாள். அவளுக்கென ஒரு துப்பாக்கி வேண்டும். எதனைக் கொடுப்பது என்பதே அவ்வீட்டின் பேச்சாயிற்று.

வீட்டில் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. அது வின்செஸ்டர் நிறுவனத்தின் ‘மாடல் 70’. 1952ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. தாயின் தந்தை, அதாவது அச்சிறுமியின் பாட்டனார், நெடுங்காலம் சுமந்து திரிந்தது. அவர் மறைந்தபின் அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. தந்தைக்கோ வேறு எண்ணம். அவர் 1968ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனத்தின் ‘மாடல் 700’ ஒன்றை வாங்கியிருந்தார். பதினோர் ஆண்டுகளாக அது அவரைக் கைவிட்டதில்லை. ஆகவே, மகளுக்கும் அவ்வினத்திலேயே புதியதொன்றை வாங்கித் தரவேண்டும் என்று விரும்பினார். அதற்காகவே மிகைநேர வேலை செய்து பணமும் சேர்த்திருந்தார்.

இவ்விரு துப்பாக்கிகளும் தாழ் அமைப்பைக் கொண்டவை. கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் இரும்பு உருளையைக் கையால் தூக்கிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா குழலுக்குள் செல்லும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ் பூட்டிக்கொள்ளும். அமைப்பு எளியது, எளியது ஆதலால் உறுதியானது. செருமானியரான பால் மௌசர் வகுத்த 1898ஆம் ஆண்டுத் துப்பாக்கியே இவ்வகைக்கெல்லாம் மூதாதை எனலாம். ஆயினும், ஒரே மூதாதையின் வழிவந்த இருவர் குணத்தில் வேறுபடுவதுபோல, இவ்விரண்டும் வேறுபட்டிருந்தன.

மாடல் 70 என்பது 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. மௌசரின் பெரிய பிடிநகத்தை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. தோட்டா தன் அறையை விட்டு மேலெழும் அந்தக் கணத்திலேயே, அதன் விளிம்பை அந்நகம் பற்றிக்கொள்ளும். குழலுக்குள் செல்லும்வரை விடாது. பதற்றத்தில் வேட்டையாளர் தாழைப் பாதியளவே தள்ளிப் பின்னிழுத்தாலும், பற்றிய தோட்டாவை நகம் திரும்பக் கொண்டுவந்து வெளியே எறிந்துவிடும். ‘அவுட்டோர் லைஃப்’ இதழில் நெடுங்காலம் எழுதிய ஜாக் ஓ’கானர் இத்துப்பாக்கியையும், அதனோடு .270 வின்செஸ்டர் என்னும் தோட்டாவையும் ஓயாது பாராட்டினார். அவர் 1978இல் மறைந்தபோது, மேற்கு மாநிலங்களில் அவர் எழுத்தைப் படிக்காத வேட்டையாளரைக் காண்பது அரிதாயிருந்தது.

மாடல் 700 இளையது; 1962ஆம் ஆண்டில் பிறந்தது. அதன் முன்னோடியாகிய ‘மாடல் 721’ 1948இல் வந்தது. அவற்றை வகுத்த மைக் வாக்கர் குறி தவறாமையில் பெரும்பற்றுக் கொண்ட பொறியியலர். தாழ் இயங்கும் உடற்பகுதியை உருண்டை வடிவில் கடைசல் இயந்திரத்திலேயே செய்யும்படி அவர் அமைத்தார். அதனால் செலவு குறைந்தது, விறைப்பு மிகுந்தது, குறி நேராயிற்று. தாழின் முகம் குழிந்து, தோட்டாவின் அடிப்பகுதியை முழுவதும் சூழ்ந்து நிற்கும். அதனைச் சுற்றிக் குழல்; குழலைச் சுற்றி உடற்பகுதி. ஆகவே, மூன்று எஃகு வளையங்கள் தோட்டாவைக் காப்பதாக நிறுவனம் பெருமையோடு கூறியது. அமெரிக்கக் கடற்படைவீரர் படை 1966ஆம் ஆண்டில் தன் குறிசுடுநர்க்கு இவ்வினத்தையே தேர்ந்தெடுத்தது என்றால் இதன் நேர்மையைப் பற்றி மேலும் கூறவேண்டுவதில்லை. ஆனால் இதில் பெரிய பிடிநகம் இல்லை. தாழ் தோட்டாவைத் தளர்வாக முன்னே தள்ளும். முற்றும் பூட்டிய பிறகே சிறிய கொக்கி ஒன்று அதனைப் பற்றும்.

வின்செஸ்டர் நிறுவனமும் செலவுக்கு அஞ்சி 1964ஆம் ஆண்டில் தன் மாடல் 70ஐ மாற்றியமைத்தது. பிடிநகம் போயிற்று, அதுவும் தள்ளும் முறைக்கு மாறிற்று. வேட்டையாளர்கள் வெகுண்டனர். அன்று முதல், ‘1964க்கு முற்பட்டது’ என்னும் தொடரே ஒரு மதிப்புச் சொல்லாயிற்று. பழைய துப்பாக்கிகளின் விலை ஏறியது. பாட்டனார் விட்டுச் சென்ற துப்பாக்கி அந்த மதிப்புக்குரிய ஆண்டுகளைச் சேர்ந்தது.

ஆகவே, தந்தை முதலில் நிறுத்துப் பார்த்தார். பழையது தொலைநோக்கியோடு சேர்ந்து ஏறத்தாழ நான்கு கிலோ இருந்தது. புதியது அதனினும் அரைக்கிலோ குறைவு. மலைச் சரிவில் நாள்முழுதும் நடக்கும் சிறுமிக்கு அந்த அரைக்கிலோ பெரிது. பழையதன் கட்டை வளர்ந்த ஆணின் தோளுக்கேற்ற நீளமுடையது. அவள் அதனைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டியே தொலைநோக்கியைக் காணவேண்டியிருந்தது. கட்டையை அறுத்துக் குறைக்கலாம். ஆனால், அறுத்த கட்டையைத் தொகுப்பாளர்கள் விரும்புவதில்லை. நாளுக்கு நாள் ஏறும் அதன் விலை வீழ்ந்துவிடும்.

பின்னர்ச் சுட்டுப் பார்த்தனர். ஊருக்கு வெளியே மண்மேட்டை நோக்கி, நூறு கெஜத் தொலைவில் தாள் ஒட்டப்பட்டது. மகள் தந்தையின் மாடல் 700ஆல் மூன்று தோட்டா சுட்டாள். மூன்றும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழுந்தன. பாட்டனாரின் துப்பாக்கி அவற்றை ஒன்றரை அங்குலத்தில் பரப்பியது. தந்தையின் முகத்தில் நிறைவு தோன்றியது.

“பார்த்தாயா, மகளே! எண்ணிக்கை பொய் சொல்லாது,” என்றார்.

மகள் தாளைப் பார்த்தாள். “மானின் நெஞ்சு ஓர் அங்குலமா, அப்பா?” என்று கேட்டாள்.

தந்தை சிரித்தார். மானின் உயிர்நிலை ஏறத்தாழ ஒரு சாணளவு அகலமுடையது. அரை அங்குல வேறுபாடு மலையில் பொருளற்றது என்பதை அவரும் அறிவார். எனினும், மனத்துக்குப் பிடித்ததற்குச் சான்று கிடைத்தால் அதனை வீச யாருக்கு மனம் வரும்? அன்றிரவே கடைக்காரரோடு தொலைபேசியில் பேசினார். மறுநாள் சனிக்கிழமை சென்று வாங்கிவிடுவதென்று முடிவாயிற்று.

இரவு உணவு முடிந்தது. தாய் கலங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வேட்டைக்குச் சென்றவள் அல்லள். துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சில் அவள் கலந்துகொள்வதுமில்லை. ஆனால், துப்பாக்கி இருக்கும் வீட்டில் பிறந்து, துப்பாக்கி இருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கைகளைத் துடைத்துக்கொண்டு மேசையருகே வந்து நின்றாள்.

“இவ்வளவு நாளும் சுடுவதைப் பற்றியே பேசினீர்கள். சுடாமல் திரும்பும் நாள்தானே மிகுதி? மாலையில் வண்டியருகே வந்ததும் உள்ளேயிருக்கும் தோட்டாவை இவள் எப்படி வெளியே எடுப்பாள்? அதைச் செய்து காட்டுங்கள்,” என்றாள்.

தந்தை எழுந்து தம் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொண்டார். தாழைப் பூட்டிக் காப்பு விசையைப் பின்னுக்கு இழுத்தார். அந்நாளைய மாடல் 700இல் காப்பு விசை பின்னால் இருக்கும்போது சுடும் விசை மட்டுமன்றித் தாழும் பூட்டிக்கொள்ளும். நடக்கும்போது புதரில் சிக்கித் தாழ் திறந்துவிடக்கூடாது என்னும் நல்லெண்ணத்தினால் அங்ஙனம் அமைத்திருந்தனர். ஆகவே தாழைத் திறக்கவேண்டுமானால் முதலில் காப்பு விசையை முன்னே தள்ளியாக வேண்டும். அவர் தள்ளினார். ‘டக்’ என்று ஓர் ஒலி எழுந்தது.

“இப்போது சுடும் நிலையில் இருக்கிறதா?” என்று தாய் கேட்டாள்.

“ஆம்,” என்றார் அவர்.

“தோட்டா உள்ளேதான் இருக்கிறதா?”

“ஆம்.”

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. அவர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோர் ஆண்டுகளாக, ஒவ்வொரு வேட்டை நாளின் இறுதியிலும் அவர் செய்துவந்த செயல் அது. குழல்வாயைத் தரையை நோக்கித் தாழ்த்தி, அருகில் ஒருவரும் இல்லாதபடி சற்று விலகி நின்று, விசையின் பக்கம் விரலே போகாமல் செய்துவந்தார். அப்பழக்கம் அவருடைய உடலில் ஊறியிருந்தது. ஆகையால் அதில் ஓர் இடர் உண்டு என்பதையே அவர் மறந்திருந்தார். ஆனால் மகளோ பழகாதவள். பொழுது சாய்ந்த வேளையில், கையுறைக்குள் விரல்கள் விறைத்திருக்க, நாள்முழுதும் நடந்த களைப்போடு அதனைச் செய்யப்போகிறவள். அவ்வேளையில் பக்கத்தில் நிற்கப்போகிறவர் வேறு யாருமல்லர்; அவரேதான்.

தாய் அலமாரியைத் திறந்து தன் தந்தையின் துப்பாக்கியை எடுத்து நீட்டினாள். மாடல் 70இன் காப்பு விசை தாழின் பின்முனையிலேயே ஒரு சிறு இறகுபோல் அமைந்தது. அதற்கு மூன்று நிலைகள். முன்னே தள்ளினால் சுடலாம். முற்றும் பின்னே இழுத்தால் சுடும் ஊசியும் தாழும் ஒருங்கே பூட்டிக்கொள்ளும். நடுவில் நிறுத்தினால் ஊசி மட்டும் பூட்டியிருக்கும். தாழைத் திறக்கலாம், மூடலாம். தோட்டாக்கள் ஒவ்வொன்றாய் வெளியே வரும். அவ்வளவு நேரமும் ஊசி அசையாது. அது விசையை மட்டும் தடுப்பதன்று. ஊசியையே பிடித்து நிறுத்துவது.

தந்தை அதனை மூன்று முறை செய்து பார்த்தார். பின்னர் மகளிடம் கொடுத்தார். அவளும் செய்தாள். அவர் எழுந்து சென்று தொலைபேசியை எடுத்தார். மறுநாள் வரமாட்டேன் என்று கடைக்காரரிடம் கூறினார்.

மறுநாள் காலையில் அவர் தம் பட்டறையில் அந்த வால்நட் கட்டையைப் பிடிப்பானில் இறுக்கினார். மரம் அறுப்பதே தொழிலாகக் கொண்ட அவருக்கு அன்று வாளை வைக்கக் கை எழவில்லை. நெடுங்காலம் ஒரு மனிதரின் கன்னம் பட்டுப் பட்டு மெருகேறிய மரம் அது. விற்கும் விலையும் அந்த அறுப்போடு போய்விடும். அவர் மனைவியைப் பார்த்தார். “அறுங்கள். என் அப்பா இருந்திருந்தால் முந்தாநாளே அறுத்திருப்பார்,” என்றாள் அவள். ஓர் அங்குலத் துண்டு தரையில் விழுந்தது. அதனை மகள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, சஃபையர் மலையின் சரிவொன்றில் இருவரும் அமர்ந்திருந்தனர். நூற்றைம்பது கெஜத் தொலைவில், மேட்டின் விளிம்பில், ஒரு மான் வந்து நின்றது. மகள் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். காப்பு விசையை முன்னே தள்ளினாள். மான் பக்கவாட்டில் தெளிவாக நின்றது. ஆனால், அதன் பின்னே வானம் மட்டுமே இருந்தது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. .270 தோட்டாவின் 130 கிரெயின் குண்டு நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் புறப்படுவது. மானைத் தவறவிட்டாலும், ஊடுருவிச் சென்றாலும், அது எங்கே போய் ஓயும் என்பதைச் சுடுபவரே அறிந்திருக்கவேண்டும். பயிற்சி வகுப்பில் அவள் கற்ற பாடம் அது. பத்து நொடிகள் காத்திருந்தாள். மான் விளிம்பைக் கடந்து மறைந்தது.

அவள் காப்பு விசையைப் பின்னே இழுத்தாள். தந்தை ஒன்றும் பேசவில்லை. இருள் கவிந்தது. வண்டியருகே வந்தபோது பனி விழத் தொடங்கியிருந்தது. அவள் சற்று விலகி நின்று, குழல்வாயைத் தரையை நோக்கித் தாழ்த்தி, காப்பு விசையை நடுவில் நிறுத்தித் தாழைத் திறந்தாள். ஐந்து தோட்டாக்களும் ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் விழுந்தன. தந்தை எண்ணிக்கொண்டே நின்றார். அந்தப் பருவத்தில் அவள் ஒரு மானையும் வீழ்த்தவில்லை. ஆயினும், அவள் வேட்டையாளர் ஆகிவிட்டாள் என்பதை அவர் அன்றே அறிந்தார்.

அதன்பின் காலம் பல மாற்றங்களைக் கண்டது. ரெமிங்டன் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் தன் காப்பு விசையை மாற்றியது. காப்பு நிலையிலேயே தாழைத் திறக்கும் வழி பிறந்தது. விசையைத் தொடாமலேயே துப்பாக்கி வெடித்தது எனப் பலர் பல்லாண்டுகள் வழக்காடினர். குறை ஏதுமில்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. 2006க்குப் பின் பொருத்திய புதிய விசையைக் கொண்ட துப்பாக்கிகளை 2014ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. பழைய வழக்குகளின் உடன்பாட்டின்படி எண்ணற்ற விசைகளை மாற்றித் தரவும் இசைந்தது. அதே மாடல் 700ஐ அடிப்படையாகக் கொண்ட துப்பாக்கியை அமெரிக்கத் தரைப்படையும் 1988ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது என்பதையும் உடன் கூறுவதே நடுவுநிலைமை. மாடல் 70இன் வரலாறும் தடையற்றதன்று. நியூ ஹேவன் நகரில் அதனைச் செய்த தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. 2008இல் தென் கரோலினாவில் மீண்டும் உயிர்பெற்றபோது பழைய பிடிநகத்தோடும் மூன்று நிலைக் காப்பு விசையோடும் அது வந்தது. ரெமிங்டன் நிறுவனமோ 2018லும் 2020லும் கடன்சுமையால் நொடித்தது. இருநூறாண்டுப் பழமை வாய்ந்த அதன் இலியன் தொழிற்சாலை 2024இல் கதவடைத்தது.

நிறுவனங்கள் எழும், விழும். கருவிகள் திருந்தும். ஆகவே, இந்நிகழ்ச்சியைக் கொண்டு ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனத் தீர்ப்புரைப்பது பொருந்தாது. தந்தை தம் மாடல் 700ஐ இறுதிவரை விடவில்லை. அவர் கைக்கு அது பொருந்தியிருந்தது. ஆயினும், ‘எது சிறந்தது?’ என்று கேட்டவரை அவருக்கு விடை கிடைக்கவில்லை. ‘யார் கையில், எந்த வேளையில், அருகில் யார் இருக்க?’ என்று தாய் கேட்டபின்தான் விடை கிடைத்தது. துப்பாக்கியைச் சுடத் தெரியாத ஒருத்தி அதனைக் கேட்டாள். அவள் கருவியை நோக்கவில்லை, மகளை நோக்கினாள்.

அச்சிறுமி இன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட மூதாட்டி. அவள் வளர வளரக் கட்டையின் முனையில் ரப்பர்த் தகடு பொருத்தித் தந்தை நீளத்தைச் சரிசெய்தார். பின்னர் அவளுடைய மகன் அதனைத் தோளில் ஏந்தியபோது தகட்டைக் கழற்றிக் குறைத்தனர். வால்நட் மரத்தின் அந்த ஓர் அங்குலத் துண்டு இன்றும் அவள் சமையலறைச் சன்னலின் மேல் இருக்கிறது. புதிதாக வேட்டைக்குச் செல்லும் பிள்ளை எந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினாலும் அவள் விலையைக் கேட்பதில்லை, குறியைக் கேட்பதில்லை. “உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்துக்கொள். பின், எப்படி வெளியே எடுப்பாய் என்று செய்து காட்டு,” என்பாள்.